புழுக்கமும் கச்சானும்: மலையிலிருந்து கரைக்கு வந்த குடும்பங்களுக்கு

மலைநாட்டிலிருந்து கிழக்குக் கரைக்கு மக்கள் இறங்கி வருவது புதிய விடயமல்ல. 1977ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் வன்செயலுக்கு அஞ்சித் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களில் ஒரு பகுதியினர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போக, இன்னொரு பகுதியினர் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் வந்தனர். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மீண்டும் மண் சரிந்தது. இனி அந்தச் சரிவின் கீழ் பிள்ளைகளைப் படுக்க வைக்க மாட்டோம் என்று முடிவு செய்த குடும்பங்கள் உண்டு. கரட்டும் லீக்ஸும் கோவாவும் பயிரிட்டுப் பழகிய அத்தகைய குடும்பங்களில் சில, பதுளை - செங்கலடி வீதியால் இறங்கி, மட்டக்களப்பு நகரிலும் அதன் ஓரங்களிலும் உறவினர் வீட்டையோ வாடகை அறையையோ நம்பி வந்திருக்கின்றன.

இவ்வாறு வருவோருக்குப் பாய், பானை, அரிசி எவ்வளவு தேவை என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெயிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வந்தவர்களும் சொல்வதில்லை. “வெயில்தானே, பழகிவிடும்” என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. பழகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் உடம்பு அதை எப்படிப் பழகுகிறது, அதற்கு எத்தனை நாள் வேண்டும், அந்த நாட்களில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பவற்றை அறியாததால், பழகுவதற்கு முன்பே நோயில் விழுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனாலேயே இக்கட்டுரையில் பெரும்பகுதியை வெக்கைக்கும் தண்ணீருக்கும் ஒதுக்கியுள்ளோம்.

உடம்புக்கு இரண்டு கிழமை

மலையில் ஆயிரம் அடி இறங்கினால் வெப்பநிலை ஏறக்குறைய 2 பாகை செல்சியஸால் கூடும். நுவரெலியா 6,000 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து கடற்கரைக்கு வருகிறவர் ஒரே பகலில் 12 பாகையைக் கடந்து வருகிறார். பண்டாரவளை சுமார் 4,000 அடி. அங்கிருந்து வருகிறவருக்கு 8 பாகை. பகல் வெயிலை எப்படியோ தாங்கிவிடலாம். கரையில் மலையாருக்குக் கடினமாக இருப்பது இரவுதான். மலையில் பொழுது சாய்ந்ததும் குளிர் வந்து உடம்பை ஆற்றிவிடும். இங்கே கோடை இரவில் நள்ளிரவு தாண்டியும் வெப்பம் 25 பாகைக்கு மேல் நிற்கும். ஆறாத உடம்போடு காலையில் எழும்பி மறுபடியும் வெயிலுக்குள் போகிறோம்.

மனித உடம்பு தன்னை ஆற்றிக்கொள்ளும் வழி வியர்வை. குளிரில் வாழ்ந்த உடம்பு பிந்தியே வியர்க்கத் தொடங்கும். அந்த வியர்வையோடு உப்பும் அதிகம் வெளியேறும். வெக்கையில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்து வந்தால் உடம்பு மாறிக்கொள்கிறது. முந்தி வியர்க்கிறது, கூடுதலாக வியர்க்கிறது, உப்பை உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறது, நெஞ்சுத் துடிப்பும் நிதானமாகிறது. இந்த மாற்றம் நடக்க ஒரு கிழமை முதல் இரண்டு கிழமை வரை எடுக்கும். நிழலில் சும்மா இருந்தால் இது முழுமையாக நடக்காது. முதல் நாளே முழு வேலையில் இறங்கினால் நடப்பதற்கு முன்பே ஆள் விழுந்துவிடுவார். வெக்கையால் வேலைத்தலங்களில் ஏற்படும் மரணங்களில் பெரும்பாலானவை புதிய வேலையாளின் முதற்சில நாட்களிலேயே நிகழ்கின்றன என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட உண்மை.

முதல் நாள் வழமையான வேலையில் ஐந்திலொரு பங்கு, அடுத்த நாள் இரண்டு பங்கு, இப்படியே கூட்டிக்கொண்டு போங்கள் என்று தொழில்சார் சுகாதார நூல்கள் ஆலோசனை கூறுகின்றன. நாட்கூலிக்குப் போகிறவரிடம் இதைச் சொல்வது எளிது. ஐந்திலொரு பங்கு வேலைக்கு எந்த மேசன் கூலி கொடுப்பார்? ஆயினும் முடிந்ததைச் செய்யலாம். தோட்டத்தில் ‘அரைப்பேர்’ போட்டால் அது தண்டனை. இங்கே முதற்கிழமையில் அதைக் கேட்டு வாங்கலாம்: காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு முடியும் வேலை. ஒரே வீட்டிலிருந்து இருவர் வேலை தேடினால் ஒரு நாள் வேலையை முற்பகல் ஒருவரும் பிற்பகல் ஒருவருமாகப் பிரித்துச் செய்ததை நாம் கண்டிருக்கிறோம். கொங்கிறீற் போடும் வேலையை முதற்கிழமையில் ஏற்கவேண்டாம். அந்த வேலை நடுவில் நிற்காது, ஆளையும் நிற்க விடாது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பழகிய உடம்பு மறக்கவும் செய்யும். காணிக் கடதாசிக்காகவோ மரண வீட்டுக்காகவோ மலைக்குப் போய் மூன்று நான்கு கிழமை தங்கித் திரும்பினால், திரும்பி வந்த முதல் நாட்களை மறுபடியும் புதிய ஆளைப் போலவே கவனமாகக் கழிக்கவேண்டும்.

தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், காலிலும் வயிற்றிலும் தசைப்பிடிப்பு என்பன வந்தால் உடம்பு எச்சரிக்கிறது என்று அர்த்தம். வேலையை விட்டு நிழலில் படுத்து, உடையைத் தளர்த்தி, தண்ணீரும் உப்பும் எடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் ஆள் பிதற்றினாலோ, தடுமாறினாலோ, மயங்கினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வேறு. அது உயிராபத்து. அவ்வேளை வாயில் எதையும் ஊற்றக்கூடாது. வாளி வாளியாகத் தண்ணீரை உடம்பில் ஊற்றி, கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஈரத்துணி போட்டு, விசிறிக்கொண்டே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸைப் பெறவேண்டும். அம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவேண்டாம். வைத்தியசாலைக்குப் போகும் முன் உடம்பை ஆற்றுவதிலேயே அந்த உயிர் தங்கியிருக்கிறது.

இருவகை வெக்கை

கரையோர வெயிலை ஒரே வெயில் என்று எண்ணக்கூடாது. இவ்வூரார் அதை இரண்டாகப் பிரித்தே பேசுகிறார்கள். பங்குனி, சித்திரையில் வருவது புழுக்கம். வைகாசி தொடக்கம் ஆவணி வரை வீசுவது கச்சான்.

புழுக்க காலத்தில் காற்று அசையாது. கடலிலிருந்தும் வாவியிலிருந்தும் எழும் ஈரம் காற்றிலேயே நிற்கும். உடம்பெல்லாம் வியர்வை வழியும், ஆனால் காயாது. உடம்பை ஆற்றுவது வியர்வை வழிவதால் அல்ல, அது காய்வதால்தான். எனவே வெப்பமானி 32 பாகை காட்டினாலும் உடம்புக்கு அதைவிட அதிகமாகவே தெரிகிறது. இக்காலத்தில் காற்றோட்டமே மருந்து. அறைக்குள் அடைந்து கிடக்காமல் மரநிழலில் இருப்பதும், மெல்லிய பருத்தித் துணி உடுப்பதும், மாலையில் ஒரு முறை கூடுதலாக முழுகுவதும் நல்லது. பகல் ஏறக் கடற்காற்று கரைக்குள் வரும். கடல் பார்த்த பக்கத்து யன்னலைத் திறந்து, எதிர்ப்பக்கத்திலும் அது வெளியேற ஒரு வழி விடவேண்டும்.

கச்சான் வேறு வகை. மேற்கும் தென்மேற்குமாக வீசும் இக்காற்று மலையாருக்குப் பழைய பழக்கமானது என்பது பலருக்குத் தெரியாது. ஆனி, ஆடியில் அட்டன், நோர்வூட், வட்டவளைப் பக்கம் நாள் முழுதும் மழையைக் கொட்டுகிற அதே தென்மேற்குக் காற்றுத்தான் அது. சுமந்து வந்த நீரையெல்லாம் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகிறது. வெலிமடையிலும் பண்டாரவளையிலும் அது வெறும் வரண்ட பெருங்காற்றாகத் தெரியும். படுவான்கரை வெளிகளைக் கடந்து நகருக்கு வந்து சேரும்போது அடுப்பின் முன் நிற்பது போன்ற காங்கையாகிவிடுகிறது. பகலில் கடற்காற்றையும் அது உள்ளே வர விடுவதில்லை.

கச்சானில் உள்ள ஆபத்து என்னவென்றால், நாம் வியர்ப்பதே தெரியாது. தோலில் வந்த ஈரம் அந்தக் கணத்திலேயே காய்ந்துவிடுகிறது. சட்டை நனையவில்லை, ஆகவே தண்ணீர் குறையவில்லை என்று நினைக்கிறோம். கடும் வேலை செய்கிறவர் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் வரை வியர்வையாக இழக்கக்கூடும். எனவே கச்சான் காலத்தில் தாகத்தைக் காத்திராமல், வேலை செய்யும்போது 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் என்ற கணக்கில் குடிக்கவேண்டும். சிறுநீரின் நிறமே சரியான அளவுகோல். அது வெளிறிய மஞ்சளாக இருந்தால் போதும். கடுந்தேயிலைச் சாயமாக வந்தால் உடம்பு வரண்டுவிட்டது.

ஈரத்துணியை யன்னலில் தொங்கவிடுவதும், மண்பானையில் தண்ணீர் வைப்பதும் கச்சானில் மிக நன்றாக வேலை செய்யும். காற்று வரண்டிருப்பதால் ஈரம் விரைவாகக் காய்ந்து குளிர்மை தருகிறது. சித்திரைப் புழுக்கத்தில் அதே ஈரத்துணி அறையை மேலும் அவித்துவிடும். எந்தக் காலத்துக்கு எது என்று அறிந்து செய்வதே முக்கியம். கமக்காரருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பனி எந்தக் கிழமையில் விழும் என்று பார்த்து உருளைக்கிழங்கு நட்ட கண்களுக்குக் காற்றின் திசையைப் பார்ப்பது பெரிய காரியமா?

மார்கழி, தையில் வந்திறங்கிய குடும்பங்கள் இங்கே வெயிலே இல்லை என்று எண்ணிவிடக்கூடும். அது மாரி காலம். முதற்சோதனை பங்குனியிலும் இரண்டாவது வைகாசியிலும் வரும்.

தேநீரை விடவேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. பிளேன்டீயும் உடம்புக்குத் தண்ணீர்தான். ஆனால் தேநீர் மட்டும் போதாது. உப்புப் போட்ட கஞ்சி, மோர், இளநீர் எல்லாம் நல்லவை. காசு கொடுத்துப் போத்தல் பானங்கள் வாங்கவேண்டாம். வயிற்றோட்டமோ அதிக வியர்வையோ உள்ளவருக்கு ஜீவனிப் பக்கெற்று ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுக்கலாம். அது கையில் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் நீருக்கு மட்டமான 6 தேக்கரண்டி சீனியும் மட்டமான அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்துக் கலக்கலாம். உப்புக் கூடிவிடக்கூடாது. சாராயமும் கசிப்பும் உடம்பிலுள்ள நீரை வெளியேற்றுகின்றன. குடித்துவிட்டு அடுத்த நாள் வெயிலில் கல் சுமப்பவர் ஏற்கெனவே பாதி வரண்டவராகவே வேலையைத் தொடங்குகிறார்.

தண்ணீர் குடிக்காத தாய்மார்

குடிக்கத் தண்ணீர் இருந்தும் குடிக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெண்கள். மண்டபத்திலோ உறவினர் வீட்டிலோ தங்கியிருக்கும்போது மலசலகூடம் ஒன்றுதான் இருக்கும். அது வீட்டுக்காரருடையது, அல்லது முப்பது பேர் வரிசையில் நிற்பது, அல்லது கதவுக்குக் கொண்டி இல்லாதது. காலையில் ஒரு முறை, இருட்டிய பின் ஒரு முறை என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதற்கேற்பத் தண்ணீரையும் குறைத்துவிடுகிறார்கள். குளிரில் இது எப்படியோ கழிந்திருக்கும். கரையோர வெக்கையில் இது சலக்கடுப்பாகவும் காய்ச்சலாகவும் முடிகிறது. கர்ப்பிணித் தாய்மாருக்கு அது சிறுநீரகம் வரை போய்ப் பெரும் ஆபத்தாகலாம்.

இது தாய்மாரின் அறியாமை என்று சில சுகாதாரக் கூட்டங்களில் பேசப்படுகிறது. அப்படி நாம் நினைக்கவில்லை. கொண்டி இல்லாத கதவுக்குக் கொண்டி போடுவது ஒரு பிற்பகல் வேலை. இரவில் ஒரு விளக்கு, பெண்களுக்கென்று ஒதுக்கிய ஒரு கதவு, உள்ளே ஒரு வாளித் தண்ணீர்: இவை இருந்தால் அவர்கள் தண்ணீர் குடிப்பார்கள். இடம் கொடுத்த பங்குகளும் உறவினர்களும் வந்தவர்கள் வாய் திறந்து கேட்கும் வரை இதற்காகக் காத்திருக்கக்கூடாது. எந்தத் தங்கச்சியும் இதைக் கேட்கமாட்டாள்.

பச்சைக் குழந்தைகளைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுவோம். மலையில் பிறந்த பிள்ளைக்குக் கம்பளித் தொப்பியும் காலுறையும் போட்டுச் சுற்றி வைப்பது சரியான வழக்கம். கரையில் அதே சுற்றல் பிள்ளைக்கு வேர்க்குருவையும் சூட்டையும் கொடுக்கும். ஒரு மெல்லிய சட்டை போதும். ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை, தாய்ப்பாலில் அது இருக்கிறது. பால் கொடுக்கும் தடவைகளைக் கூட்டுங்கள், தாயும் கூடுதலாகக் குடிக்கவேண்டும். முதியவர்கள் பிரஷருக்கு மாத்திரை எடுப்பவராயின், குறிப்பாகச் சிறுநீர் போகச் செய்யும் மாத்திரையாயின், கரைக்கு வந்த பின் ஒரு முறை கிளினிக்கில் காட்டி அளவைக் கேட்பது அவசியம். தாங்களாக நிறுத்தவேண்டாம்.

கிணறு

மலையில் தண்ணீர் மேலிருந்து வரும். பீலியில் விழும், குழாயில் ஓடும், காவலுக்கு ஆள் வேண்டியதில்லை. கரையில் தண்ணீர் காலுக்குக் கீழே இருக்கிறது; அதற்கும் கீழே கடல் இருக்கிறது. கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி வரை உள்ள நிலம் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமான மணற்பட்டி. மாரி மழை மணலுக்குள் இறங்கி, பாரமான உப்புநீரின் மேல் பாரங்குறைந்த நன்னீராக மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் விடயம் விளங்கும். அந்த ஓரடியை இறைத்து முடித்தால், கீழேயுள்ள உப்பு அந்த 40 அடியைப் பிடிக்க மேலெழும்பி வரத் தொடங்குகிறது.

ஆகவேதான் வீட்டுக்கார அம்மா, “கிணத்துக்கு மோட்டர் போடாத மகன், தண்ணி உப்பாப் போயிடும்” என்கிறபோது அதைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. வாளியால் அள்ளும்போது கிணறு ஊறிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. பம்பி அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபின் இப்பகுதிக் கிணறுகளெல்லாம் உவராகின. திரும்பத் திரும்ப இறைத்துக் கழுவியதால் அவை நன்னீராகவில்லை. அடுத்தடுத்த மாரி மழைகளே உப்பைக் கழுவின. இவ்வூரார் கிணற்றைப் பற்றிக் காட்டும் கண்டிப்புக்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

ஆதியாகமத்தின் 26ஆம் அதிகாரத்தில் பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஈசாக்கு கேராரில் பயிர் செய்கிறான். அங்கே அவன் வேலைக்காரர் கிணறு தோண்டியபோது அவ்வூர் மேய்ப்பர் வந்து வாக்குவாதம் செய்கிறார்கள். வந்தவருக்கும் இருந்தவருக்கும் இடையே முதற்சண்டை தண்ணீரால்தான் வருகிறது என்பதை அன்றே எழுதி வைத்திருக்கிறார்கள். பல குடும்பங்கள் சேரும் வளவில் குளிக்கும் நேரம், துணி துவைக்கும் நாள், கோடையில் ஒரு வீட்டுக்கு எத்தனை வாளி என்பவற்றை வந்த முதற்கிழமையிலேயே வீட்டுக்காரரோடு இருந்து பேசி முடித்துக்கொள்வது நல்லது. சண்டை வந்தபின் பேசினால் அது வேறு பேச்சாகிவிடும்.

மணல் தண்ணீரை விரைவில் விடுவது போலவே கழிவையும் விரைவில் விடும். நெருக்கமான வளவுகளில் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடியாவது இருப்பது அரிது. எனவே கிணற்று நீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தாலும் கொதிக்க வைத்தே குடிக்கவேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்புப் போகாது, கழிவிலிருந்து வரும் நைத்திரேற்றும் போகாது. உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்நீர் கிடைக்கும் இடமாயின் குடிக்கவும் சமைக்கவும் அதையும், மற்றவற்றுக்குக் கிணற்றையும் பயன்படுத்தலாம்.

கூரையும் காணியும்

தகரக் கூரை மலையில் மழையைத் தடுத்தது. இங்கே அது நெருப்புச் சட்டி. தகரத்தின் மேல் கிடுகு வேய்ந்தால் வெயில் தகரத்தைத் தொடாது. வசதியில்லாவிட்டால் மேற்பக்கத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மாரியில் சுண்ணாம்பு கரைந்துபோகும், ஆகவே ஒவ்வொரு மாசியிலும் மறுபடி அடிக்கவேண்டும். கிடுகு வேய்ந்த வீட்டில் அடுப்பைத் தனியே தள்ளி வைப்பதும், கச்சான் வீசும் நாட்களில் தணலை நீர் தெளித்து அணைப்பதும் மறக்கக்கூடாதவை.

காணி விடயத்தில் எமக்கு ஒரு கவலை உண்டு. மலையார் காணியைச் சரிவை வைத்து மதிப்பார்கள். கரையில் எல்லாம் சமதரையாகத் தெரிவதால் எதுவும் ஆபத்தில்லை என்று தோன்றும். கோடையில் காய்ந்து கிடக்கும் தோணா ஓரத்துக் காணி மலிவாகக் கிடைக்கும். கார்த்திகையில் அது வாவியோடு சேர்ந்துவிடும். ஓரடி உயரம் இங்கே ஒரு மலைக்குச் சமம். முற்பணம் கொடுக்குமுன் அயல்வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற அடையாளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அயலவரிடம் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். மண்சரிவுக்கு ஓடி வந்து வெள்ளத்தில் குடியேறுவதை விட இன்னும் ஒரு மாதம் மண்டபத்தில் இருப்பது மேல் என்பது எமது அபிப்பிராயம்.

மற்ற விடயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இரவில் சமைத்த சோறும் தேங்காய்ப்பால் கறியும் மலையில் மறுநாள் மதியம் வரை தாங்கும்; இங்கே காலையிலேயே புளித்துவிடும், அளவாகச் சமையுங்கள். பிள்ளைகளின் விடுகைப் பத்திரமும் சுகாதாரக் குறிப்பேடும் பழைய இடத்தில் விடுபட்டுப் போயிருந்தாலும் பாடசாலையில் சேர்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். வந்தவுடன் கிராம உத்தியோகத்தரிடம் பதிவு செய்து, பழைய இடத்துப் பதிவுக்கும் கொடுப்பனவுகளுக்கும் என்ன நடக்கும் என்று அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் பற்றிச் சற்றுக் கூடுதலாகவே சொல்லவேண்டும். மலேரியா இலங்கையில் ஒழிந்துவிட்டதாக 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் டெங்கு இருக்கிறது. 2017ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் அதற்கு ஆளானார்கள். உயர்ந்த மலையின் குளிரில் இந்நுளம்பு பெருகுவது குறைவு என்பதால் அங்கிருந்து வருவோர் அதை அறியாதிருக்கலாம். அது பகலில் கடிக்கும். யோகட் கோப்பையிலும் சிரட்டையிலும் தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும். தண்ணீர் சேமிக்கும் பீப்பாவை மூடி, கிழமைக்கு ஒரு முறை தேய்த்துக் கழுவவேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரூபன் எதுவும் எடுக்கக்கூடாது. மூன்றாம் நாளிலும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். காய்ச்சல் விட்ட நாளில்தான் ஆபத்துத் தொடங்கலாம்: வயிற்று நோவு, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, கை கால் குளிர்ந்து சோர்தல் கண்டால் உடனே வைத்தியசாலை.

மணலில் பயிர்

நகருக்கு வந்துவிட்டோம், இனி மண்ணோடு என்ன வேலை என்று சிலர் சோர்ந்துபோகிறார்கள். பத்து அடி நிலம் இருந்தாலும் அதில் கை வைக்கலாம். கரட்டையும் லீக்ஸையும் நினைக்கவேண்டாம். அவற்றுக்கு வேண்டிய குளிர் இங்கே எந்த மாதத்திலும் இல்லை. கத்தரி, வெண்டி, பயிற்றை, பாகல், மிளகாய், கீரை, வேலியோரம் முருங்கை என்பன இந்த மண்ணுக்கு உரியவை. மணல் தண்ணீரையும் பசளையையும் பிடித்து வைக்காது. ஒரே தடவையில் நிறைய ஊற்றினால் அவ்வளவும் வேருக்குக் கீழே போய்விடும். காலையும் மாலையுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். பசளையையும் அவ்வாறே பிரித்துப் போடவேண்டும். மலைத்தோட்டத்துக்கு இட்ட அளவு இரசாயனப் பசளையை இங்கே இட்டால் அது நேராகக் கிணற்றுக்குத்தான் போகும்.

மாட்டெரு, காய்ந்த இலை, சமையல் கழிவு எல்லாம் மணலுக்கு உடம்பு கொடுக்கும். அவற்றிலும் மேலானதும் இங்கே இலகுவாகக் கிடைப்பதும் உரிமட்டை. ஒன்றரை அடி ஆழத்துக்குச் சால் வெட்டி, உரிமட்டையை உட்குழிவு மேலே பார்க்க அடுக்கி, மேலே எருவும் மணலும் போட்டு மூடவேண்டும். மட்டை பஞ்சு போல நீரைப் பிடித்து வைத்துச் சில வருடங்களுக்கு உதவும். புரட்டாதியில் மட்டையைப் புதைத்து முடித்தால் ஐப்பசியில் விழும் முதல் மழையை அது குடித்துக்கொள்ளும். கத்தரி நாற்றை அதற்கு முன்பே நிழலில் போட்டு வைக்கலாம்.